பழைய காரின் வயரிங்கைச் சரிசெய்வது எப்படி: சக்கரம் மாற்றுகிறவர்களுக்கும் சேர்த்து

ஐம்பது வயதான காரின் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால், தொழிற்சாலையில் போட்ட வயரைவிடப் பின்னால் ஒட்டுப்போட்ட வயர்தான் அதிகம் கருகியிருக்கும். ரேடியோக்காரர் ஒன்று, அலாரம் மாட்டியவர் ஒன்று, விற்றவரின் மைத்துனர் ஒன்று என்று ஆளாளுக்கு வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அதனால் வேலையின் பாதி புது வயர் போடுவதில் இல்லை. எது பழையது, எது ஒட்டு என்று பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. சக்கரத்துக்கும் இதே விதிதான். அதைப் பின்பகுதியில் பார்க்கலாம். அகலமான சக்கரத்தைப் போட்ட கையோடு முன் விளக்கின் வயரும் அறுந்து வரும் கதை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதல்ல.

இங்கே ஓடும் பழைய வண்டிகள் பெரும்பாலும் எவை என்று தெரியும்: ஃபோர்டு கார்ட்டினா, மினி, யூட்டன்ஹேகில் 1979 வரை செய்த வோக்ஸ்வாகன் பீட்டில், வேலியன்ட், டாட்சன் 1200, அதிலிருந்து வந்து 2008 வரை தயாரான நிசான் 1400 பக்கி (சிறு பிக்கப் வண்டி). எல்லாம் ஒரே மாதிரி கெடாது. டர்பன் கடலோரத்தில் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க், டோங்காட் பக்கம் நிற்கிற வண்டியில் உப்புக்காற்று ஏறிச் செம்பு பச்சையாகப் பூக்கும். கனெக்டருக்குள்ளும் எர்த் போல்ட்டிலும்தான் முதலில் பிடிக்கும். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) அருகே லெனேசியா பக்கம் மேட்டு நிலத்தில் வெயிலும் வறட்சியும் சேர்ந்து வயரின் உறையை விறைக்க வைக்கும். வளைத்தால் விரிசல் விடும். கடற்கரை வண்டியில் முனைகளைத் தேடுங்கள், ஜோபர்க் வண்டியில் வளைவுகளைத் தேடுங்கள்.

கை வைக்கும் முன்

பேட்டரியில் எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பானர் பாடியில் இடித்தாலும் பொறி பறக்காது. ஆனால் எர்த் எது என்று ஊகிக்காதீர்கள். 1969க்கு முந்தைய மினியிலும் 1967 வரை வந்த எம்.ஜி.பி.யிலும் பாடிக்குப் போவது பாசிட்டிவ். பேட்டரியின் எந்தக் கம்பத்திலிருந்து பட்டை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். பருமனான கம்பம் பாசிட்டிவ், மெலிந்தது நெகட்டிவ். ரேடியோவோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ மாட்ட வேண்டுமென்று யாராவது நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் டைனமோவை மறுபடி துருவப்படுத்தியிருக்க வேண்டும், காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் டயோடு ஒரு நொடியில் போய்விடும்.

பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டின் ஸ்பிரிங் இறங்கிக் கம்பங்களைத் தொடும். சீட்டுக்குள் இருக்கும் நார் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடி இல்லாத பீட்டிலை ஓட்டவே கூடாது. மினியில் பேட்டரி டிக்கியில் இருப்பதால் தடித்த கேபிள் தரைக்கு அடியில் முன்னால் வரை ஓடுகிறது, அதற்கு ஃபியூஸே கிடையாது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து அந்தக் கேபிளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். கிளிப் விட்டுத் தொங்கும் இடத்தில்தான் உறை தேய்ந்திருக்கும்.

நிறம் பொய் சொல்லும் இடம்

ஆங்கிலேய வண்டியில் பழுப்பு நிற வயர் எப்போதும் உயிரோடு இருப்பது, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது. ஜெர்மன் வண்டியில் அதே பழுப்பு எர்த். மினியில் பழகியவர் பீட்டிலுக்கும், பீட்டிலில் பழகியவர் மினிக்கும் போகும்போது கருகுவது இதனால்தான்.

லூகாஸ் வயரிங் போட்ட ஆங்கிலேய வண்டிகளில் வெள்ளை இக்னிஷன், ஃபியூஸ் இல்லாதது. பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா எப்போதும் உயிருள்ளது, ஆனால் ஃபியூஸ் உண்டு. சிவப்பு பார்க்கிங், பின்விளக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிப் (தாழ்ந்த வெளிச்சம்). பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு. கருப்பு எர்த்.

பீட்டிலில் சிவப்பு பேட்டரி, கருப்பு இக்னிஷன், பழுப்பு எர்த், வெள்ளை ஹை பீம், மஞ்சள் டிப். முனைகளில் எண் பொறித்திருக்கும்: 30 பேட்டரி, 15 இக்னிஷன், 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். எண் இருக்கும்போது நிறத்தைவிட எண்ணை நம்புங்கள். டாட்சனில் வெள்ளை பேட்டரி, கருப்பு எர்த், கருப்பில் வெள்ளைக் கோடு இக்னிஷன். கார்ட்டினாவில் மாடலுக்கு மாடல் மாறும், மீட்டர் வைக்காமல் எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

ஒட்டுப்போட்டதைக் கழற்றுதல்

திருட்டு பயத்தில் இந்த நாட்டில் பழைய வண்டிகளிலும், திருடன் ஸ்டார்ட் செய்ய முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டி மாட்டுவது வழக்கம். அது ஸ்டார்ட்டர், இக்னிஷன், எரிபொருள் என்று இரண்டு மூன்று சர்க்யூட்டை வெட்டி உள்ளே நுழைந்திருக்கும். பத்து வருஷம் கழித்து ரிமோட் தொலைந்து, பெட்டியைச் செயலிழக்க வைத்திருப்பார்கள். ஆனால் அதன் வயர் எல்லாம் அப்படியே கிடக்கும், பெரும்பாலும் எல்லாமே கருப்பு நிறத்தில். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த முடிச்சுகளைத்தான்.

கழற்றும் முறை: ஸ்டியரிங் தண்டின் கீழ் உறையை எடுங்கள். இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வெளிவரும் தொழிற்சாலை வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரே நிற வயரின் இரண்டு துண்டுகள் இரண்டு கருப்பு வயரோடு சேர்ந்திருக்கும் இடம்தான் வெட்டு. கருப்பை எடுத்துவிட்டு அந்த இரண்டு துண்டையும் நேராகச் சேருங்கள். ஒரு சர்க்யூட்டைச் சேர்த்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள், பிறகு அடுத்தது. மூன்றையும் ஒரேயடியாகப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். காப்பீட்டில் இம்மொபிலைசர் கட்டாயம் என்று எழுதியிருந்தால், அதைப் படித்துவிட்டுக் கழற்றுங்கள்.

நீல நிறப் பிளாஸ்டிக் கவ்வி, ஒரு வயரை வெட்டாமலே இன்னொன்றை அதில் கவ்வ வைப்பது, எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். அதன் தகடு உறையைக் கிழிக்கும்போது சில இழைகளையும் அறுத்துவிடும், கிழிந்த வழியே ஈரம் இறங்கும். கடலோரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது.

பழுதைக் கண்டுபிடித்தல்

ஃபியூஸ் போட்டதும் எரிந்துகொண்டே இருந்தால் டப்பா டப்பாவாக ஃபியூஸ் வாங்க வேண்டாம். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அதன் வழியே 1.75 ஆம்பியருக்கு மேல் போக முடியாது, ஆகவே எந்த வயரும் சூடாகாது. இப்போது அந்த ஃபியூஸில் இருக்கும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது பல்பு மங்குகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில். பிறகு அந்தக் கிளையின் ஹார்னஸை (வயர்க் கட்டை) அங்கங்கே அசைத்துப் பாருங்கள். பல்பு மினுக்கும் இடம்தான் இடம். மங்கலாக மட்டும் எரிந்தால் பயப்பட வேண்டாம், அது அந்த சர்க்யூட்டில் ஏதோ ஒரு விளக்கோ மோட்டாரோ ஆன் ஆகியிருப்பதைக் காட்டுகிறது.

விளக்கு மங்கலாக எரிகிறது, வைப்பர் சோம்பேறியாகப் போகிறது என்றால் ஓம் மீட்டரை எடுக்காதீர்கள். இருபத்தெட்டு இழையில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் பூஜ்யம் காட்டும். ஆனால் அந்த ஒற்றை இழையால் 5 ஆம்பியரைச் சுமக்க முடியாது. சுமை ஓடும்போது வோல்ட் பார்ப்பதுதான் வழி. ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி உயிர்க்கம்பத்திலும், மறுமுனையை விளக்கின் பின்னால் உயிர் முனையிலும் வையுங்கள். காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட். 0.5க்குள் இருந்தால் நல்லது, 1.5, 2 என்று பழைய வண்டியில் சாதாரணமாகப் பார்க்கலாம். அடுத்து விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் கம்பத்துக்கும் இடையே: 0.2ஐத் தாண்டக் கூடாது. விளக்குக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும் என்பதால் இந்த எண்கள் அற்பமல்ல.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக ஒளிர்கிறதா? இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு துடிக்கிறதா? வயரை வெட்டாதீர்கள். பின்விளக்குக் கூண்டின் எர்த் போய்விட்டது; மின்சாரம் வீடு திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழை வழியே சுற்றுகிறது. கூண்டைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளக்கும் தகடு வரும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பாடி துருப்பிடித்து ஒட்டு வெல்டிங் போட்ட வண்டியில் இதுவும் போதாது. இரண்டு பின்விளக்குக்கும் தனியாக 2 சதுர மி.மீ கருப்பு வயர் ஒன்று இழுத்துச் சுத்தமான இடத்தில் கட்டுங்கள்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே சமயம் மேலே ஏறினால் இன்ஜின் கொதிக்கவில்லை. பல ஆங்கிலேய வண்டிகளில் மீட்டர்களுக்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். அதன் எர்த் விட்டால் 12 வோல்ட்டும் நேராகப் போகும்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

கருகிய வயரின் உறையை 25 மி.மீ உரியுங்கள். உள்ளே செம்பு கருப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் 25. பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னால் போங்கள். உப்பு ஈரம் உறைக்குள் ஊறி மேலே ஏறும். வெளியே நன்றாகத் தெரியும் வயர் உள்ளே கரியாக இருக்கும். 150 மி.மீ வெட்டியும் கருப்பு விடவில்லை என்றால் துண்டு போடுவதை நிறுத்திவிட்டு அடுத்த கனெக்டர் வரை முழுதாக மாற்றுங்கள்.

வயரின் பருமன் முக்கியம். இழை எண்ணிக்கையும் இழையின் விட்டமும் சொல்லி வாங்குங்கள்: 14/0.30 என்றால் 1 சதுர மி.மீ, 8.75 ஆம்பியர் வரை; பார்க்கிங், இண்டிகேட்டர், மீட்டர்களுக்கு. 28/0.30 என்றால் 2 சதுர மி.மீ, 17.5 ஆம்பியர், ஹெட்லைட், ஹாரன், வைப்பருக்கு. 44/0.30 என்றால் 3 சதுர மி.மீ, 27.5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் முதன்மை வயர் 65/0.30 அல்லது 84/0.30, 35, 42 ஆம்பியர். வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பியை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள், அதிர்வில் முறிந்துவிடும்.

அதே நிற வயர் கிடைக்காவிட்டால் இருக்கிற நிறத்தைப் போடுங்கள். ஆனால் இரண்டு முனையிலும் பழைய நிறத்தில் சிறு ஸ்லீவ் மாட்டிவிடுங்கள். நாளை அந்த வண்டியைத் திறக்கிறவர் உங்களை வையாமல் இருப்பார்.

சேர்ப்பதற்கு கிரிம்ப்பா (உலோக முனையை வயர்மேல் அழுத்திப் பிடிக்கவைப்பது), ஈயப்பற்றா என்ற சண்டை ஓயாது. ராட்செட் வைத்த நல்ல கிரிம்ப்பர் இருந்தால் கிரிம்ப். ஈயம் இழைகளுக்குள் உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஏறும். ஏறி நின்ற இடத்தில் வயர் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வில் முறியும். லூகாஸ் புல்லட் முனைகளில் ஈயம் வைப்பது பழைய வழக்கம், அது தவறில்லை. முனையிலிருந்து 50 மி.மீக்குள் வயரைக் கிளிப்பில் கட்டிவிட்டால் அசையாது, முறியாது. எதுவானாலும் ரோசின் உள்ள ஈயக்கம்பி மட்டும். தகரவேலைக்கு வைக்கும் அமில ஃபிளக்ஸ் செம்பைத் தின்றுவிடும்.

கிரிம்ப் செய்யும் வரிசை: வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவை முதலில் வயரில் கோத்துவிடுங்கள், மறந்தால் மறுபடி வெட்ட வேண்டும். முனையின் உட்குழாய் ஆழத்துக்கு மட்டும், சாதாரணமாக 6 முதல் 8 மி.மீ, உறையை உரியுங்கள். ஒரு இழைகூட அறுபடக் கூடாது. சிவப்பு, நீல, மஞ்சள் பிளாஸ்டிக் முனைகளைவிட உறையில்லாத திறந்த வகை நல்லது. அதில் ஒரு ஜோடிக் காது செம்பையும், இன்னொரு ஜோடி உறையையும் பிடிக்கும். அழுத்தியபின் பலமாக இழுங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும். உள்ளே பசை தடவிய இரட்டைச் சுவர் ஸ்லீவை நகர்த்திச் சூடாக்குங்கள்; இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வந்தால்தான் ஈரம் நுழையாது. ஒரே கட்டில் பல வயரைச் சேர்க்க வேண்டியிருந்தால் ஒவ்வொரு இணைப்பையும் 30, 40 மி.மீ தள்ளித் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஹார்னஸ் வீங்கி, பாடியின் ஓட்டைக்குள் போகாது.

ஒரு வயர் கருகியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் போகக் கூடாது. கட்டுக்குள் பக்கத்து வயரின் உறையும் உருகி ஒட்டியிருக்கும். கடைசியாக உருகிய இடத்தைத் தாண்டி 150 மி.மீ வரை டேப்பைப் பிரித்துப் பாருங்கள். திரும்பச் சுற்றும்போது ஒட்டாத பிவிசி ஹார்னஸ் டேப், 19 மி.மீ அகலம், பாதி மேல் பாதியாக. வீட்டில் பயன்படுத்தும் ஒட்டும் டேப் பேனட் சூட்டில் பசையை விட்டுக் கையில் கருப்பாக ஒட்டும், டேப் தானே அவிழும். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒரு சுற்று ஒட்டும் டேப் போதும். பாடியைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் வளையம்) இருக்க வேண்டும், காய்ந்து விரிந்த கிராமெட் இல்லாததற்குச் சமம்.

நூல் பின்னிய ரப்பர் உறை வயர் வளைத்ததும் பொடியாக உதிர்ந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முழு ஹார்னஸையும் கழற்றி, பிளைவுட் பலகையில் அதே வடிவில் விரித்து, திருப்பங்களில் ஆணியடித்து, அதன்மேல் புதியதைக் கட்டுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு முனைக்கும் சீட்டுக் கட்டி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எலி கடித்த வண்டிக்கும் இதே வழிதான். ஒரு இடத்தில் பல் பட்டது தெரிந்தால் தெரியாத இடத்திலும் பட்டிருக்கும்.

ஃபியூஸும் முதன்மை வயரும்

ஃபியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. 17.5 ஆம்பியர் வயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர்தான் ஃபியூஸ். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் 35 ஆம்பியர் என்று கேட்டு, தொடர்ந்து 35 தாங்கும் வேறு வகையைப் போட்டுவிட்டால் பாதுகாப்பே போச்சு. பீட்டிலின் பீங்கான் ஃபியூஸில் வெள்ளை 8, சிவப்பு 16. அதன் கூர் முனையும் ஃபியூஸ் பெட்டியின் தகடும் சரியாகத் தொடாமல் சூடாகி ஃபியூஸ் உருகுவது அடிக்கடி நடக்கும். தகட்டைச் சுரண்டி, உள்நோக்கிச் சிறிது வளையுங்கள்.

பல ஆங்கிலேய வண்டிகளில் ஃபியூஸே இரண்டுதான். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் கிடையாது, பழுப்பு முதன்மை வயருக்கும் கிடையாது. ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு அருகிலேயே, 6 சதுர மி.மீ வயரில் 40 ஆம்பியர் பெரிய ஃபியூஸ் ஒன்று வைப்பது அசல்தன்மையைக் கொஞ்சம் கெடுத்தாலும் வைக்கத்தான் வேண்டும். 22 ஆம்பியர் டைனமோ உள்ள வண்டிக்கு இது தாராளம்.

வேலியன்ட்டில் தனி நோய் ஒன்று உண்டு. டேஷ்போர்டில் இருக்கும் ஆம்மீட்டர் வழியாக சார்ஜிங் மின்சாரம் அத்தனையும் போய் வருகிறது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருக்கும் பெரிய கனெக்டரின் ஸ்பேட் முனைகள் அந்தச் சுமையில் சூடாகி, பிளாஸ்டிக்கோடு உருகும். கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். சிவப்பு, கருப்பு தடித்த வயர்களின் முனை பழுப்பேறியிருந்தால் அந்த இரண்டை மட்டும் கனெக்டரைத் தவிர்த்து, கிராமெட் வழியாக நேராகக் கொண்டுபோங்கள்.

ஹெட்லைட்டுக்கு ரிலே

பழைய வண்டியில் ஹெட்லைட் மின்சாரம் முழுதும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றிவருகிறது. 178 மி.மீ வட்ட விளக்கில் எச்4 60/55 பல்பு போட்டால் ஹை பீமில் 10 ஆம்பியர். ஸ்விட்ச் சூடாகும், வெளிச்சமும் மங்கும். சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் நான்கு முனை ரிலே இரண்டு வாங்குங்கள், ஒன்று டிப்புக்கு, ஒன்று ஹை பீமுக்கு. 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2 சதுர மி.மீ வயர். 85 எர்த். விளக்குக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் 86க்கு. 87இலிருந்து இரண்டு விளக்குக்கும் புது வயர். ரிலேயை முனைகள் கீழே பார்க்க மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. பழைய வயரை வெட்டாமல் ஸ்பேட் மாட்டினால், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். 100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். கண்ணாடியின் உள்ளே வெள்ளிப்பூச்சு கருகும், ரோபோ விளக்கில் (சிக்னலில்) எதிரே நிற்கிறவர் திட்டுவார்.

கல்யாணத்துக்கு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் சீரியல் விளக்குக்குச் சிகரெட் லைட்டர் வயரிலிருந்து திருடாமல், பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸோடு தனி சாக்கெட் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பூமாலையை எர்த் போல்ட்டில் கட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சக்கரம்: அழகுக்கு முன் அளவு

சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போதே மட்கார்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பீட்டிலின் ஹெட்லைட் வயர் முன் மட்கார்டின் உட்பக்கமாகத்தான் போகிறது. மற்ற வண்டிகளிலும் இண்டிகேட்டர், பார்க்கிங் வயர் இணைப்புகள் அங்கே சேற்றில் நனைந்துகொண்டிருக்கும். டயர் உரசிய கருப்புத் தடம் இருந்தால் சக்கரம் வண்டிக்குப் பொருந்தவில்லை என்று பொருள்.

எந்த வகைச் சக்கரம் என்று கொஞ்சம். சாதாரண இரும்பு ரிம்மும் குரோம் மூடியும் கேலிக்குரியது அல்ல. நேராக இருந்தால் இங்குள்ள குழிகளுக்கு அதைவிட நம்பகமானது இல்லை. ரோஸ்டைல் பார்க்க மேக் (அலாய் சக்கரம்) போல இருந்தாலும் அழுத்திச் செய்த இரும்புதான். குரோமும் கருப்பும் கலந்து பூசியிருக்கும், கடலோரத்தில் குரோம் உரியும். எட்டு கை மினிலைட் வகை மினியோடு சேர்ந்தே பேர் வாங்கியது. ஆதியில் வந்தவை மெக்னீசியம். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதை அலமாரியில் வைத்துவிட்டு அலுமினியத்தில் செய்ததை ஓட்டுங்கள், பழைய மெக்னீசியம் எச்சரிக்காமல் விரிசல் விடும். கம்பிச் சக்கரம் எம்.ஜி.பி.க்கு அழகு, பராமரிப்பு அதிகம்: கம்பி முனைகள் வழியே காற்று கசியுமென்பதால் டியூபும் ரிம் பட்டையும் வேண்டும். சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். கணீரென்றால் இறுக்கம், மந்தமாக ஒலித்தால் தளர்வு. ஹப்பின் பல் வரிசையில் நுனி கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. கியர் மாற்றும்போது வரும் டொக் சத்தம் அதுதான்.

மேக் வாங்கப் போகும்போது அளவுகோலோடு போங்கள். நான்கு போல்ட் சக்கரத்தில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் வட்ட அளவு வரும். மினி 101.6, கார்ட்டினா 108, டாட்சன் 1200ம் நிசான் 1400ம் 114.3, நான்கு போல்ட் பீட்டில் 130. 108ஐ 114.3இல் திணித்து மாட்டுகிறவர்கள் உண்டு. போல்ட் சாய்ந்து வளையும். ஐந்து போல்ட்டில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் தூரத்தை 1.701ஆல் பெருக்குங்கள். வேலியன்ட் 101.6 என்றால் அந்தத் தூரம் 59.7 மி.மீ. பழைய ஐந்து போல்ட் பீட்டிலின் 205 வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஆஃப்செட்டும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் தூரமும், அதே அளவு முக்கியம். ரிம்மைக் கவிழ்த்து, உள் விளிம்பின்மேல் நேர்ச்சட்டம் வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழியுங்கள். 5 அங்குல ரிம்மின் மொத்த அகலம் விளிம்புகளோடு 152 மி.மீ அளவில் இருக்கும், பாதி 76. உள் அளவு 100 என்றால் ஆஃப்செட் 24. இதைவிட எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், பேரிங் சுமை ஏறும், மட்கார்டு உரசும். கூடினால் உள்ளே போய் பிரேக் ஹோஸைத் தின்னும்.

நட்டின் இருக்கை வடிவமும் பொருந்த வேண்டும். கூம்பு, உருண்டை, தட்டை வாஷர் என்று மூன்று. பீட்டில் போல்ட் உருண்டை இருக்கை. கூம்பு இருக்கை உள்ள மேக்கில் அதைப் போட்டால் ஓர் ஓரம் மட்டும் தொட்டு நிற்கும், நூறு கிலோமீட்டரில் தளரும். மினியின் ஸ்டட் 3/8 அங்குலம்தான், காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் நீண்டுவிடும். 60களின் வேலியன்ட்டில் இடப்பக்க ஸ்டட்டுகளுக்குத் தலைகீழ் மரை. முனையில் ஆங்கில எழுத்து எல் பொறித்திருக்கும். வலுவாக எதிர்ப்பக்கம் திருகினால் உடையும். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டிலும் இடம் வலம் மாற்றக் கூடாது: இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் தலைகீழ். சக்கரம் முன்னே உருளும் திசையில் திருப்பினால் கழலும்.

டயர் அளவு பழைய முறையில் இருந்தால்: பீட்டிலின் 5.60-15க்கு 165 ஆர் 15, மினியின் 5.20-10க்கு 145 ஆர் 10. ரேடியலையும் பழைய கிராஸ்பிளையையும் ஒரே அச்சில் கலக்காதீர்கள். பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1 மி.மீ இருந்தால் ரோடுவொர்த்தியில் (வண்டித் தகுதிச் சோதனையில்) தேறும். மழைக்கால டர்பனில் 3 மி.மீயிலேயே மாற்றுவது புத்தி.

புதுச் சக்கரம் மாட்டியதும் டிக்கியில் நாலு மூட்டை அரிசி எடையாவது ஏற்றி, பின்சீட்டில் ஆள் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். டயருக்கும் வயருக்கும், டயருக்கும் பிரேக் ஹோஸுக்கும் நடுவே எங்கும் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் வயரைத் தூக்கி, ரப்பர் பூசிய கிளிப்பில் கட்டுங்கள். கேபிள் டை மட்டும் போதாது, அதன் ஓரமே உறையை அறுக்கும். பிறகு மட்கார்டுக்குள் வயர்மேல் சுண்ணாம்புக்கட்டியால் தடவிவிட்டு ஓட்டுங்கள். 80 கிலோமீட்டர் ஓடியபின் சக்கரம் தரையில் நிற்கும்போதே நட்டுகளை மறுபடி டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள், அதே நேரம் மட்கார்டுக்குள் வயரில் சுண்ணாம்புக்கட்டியால் தடவிய இடம் அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால் டயர் இன்னும் தொடுகிறது.